ஒரு பசுவும் ஒரு கையொப்பமும்: ரைஃபைசன் என்ற மனிதரின் கதை

2017ஆம் ஆண்டு, வரட்சி கடுமையாக இருந்த மாதங்களில் ஒரு நாள், அம்மா எங்கள் வீட்டுப் பசுவை விற்றார். கிளிநொச்சி மாவட்டத்தில் நாங்கள் மீள்குடியேறிய பின்னர் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கன்று அது. வளர்ந்து இரண்டு ஈற்றுக் கண்டிருந்தது. அதன் பாலில்தான் தங்கையின் பாடசாலைச் செலவு போய்க்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் வீட்டில் கடன் எதுவும் இருக்கவில்லை. நுண்கடன் நிறுவனமொன்றில் அம்மா எடுத்திருந்த சிறு கடனைக் கட்டி முடித்திருந்தார். ஆனால் அதே குழுவில் இருந்த அயல்வீட்டு அக்காவின் கடனுக்கு அவர் பிணைக் கையொப்பம் வைத்திருந்தார். அந்த அக்காவின் கச்சான் தோட்டம் தண்ணீர் இல்லாமல் கருகிப் போனது. ஐந்து கிழமைத் தவணைகள் நின்றுவிட்டன. காசு அறவிட வந்தவர் எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருட்டும்வரை இருந்தார். அடுத்த கிழமையும் வந்தார். மூன்றாவது கிழமை பசு போனது. எங்களுக்குக் காசு அவசரம் என்பது மாட்டு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. அதனால் பாதி விலைதான் தந்தார். அன்றிலிருந்து அம்மாவும் அந்த அக்காவும் பேசிக்கொள்வதில்லை. முள்ளிவாய்க்காலில் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் அவர்கள்.

சில வருடங்களின் பின்னர், கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு ஜேர்மன்காரரின் வாழ்க்கையை அறிந்துகொண்டேன். அவர் பெயர் பிரீட்றிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். இறந்து 130 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்றும் வங்கிகளின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அவருடைய கதையிலும் பசு வருகிறது, பிணைக் கையொப்பம் வருகிறது. ஆனால் அங்கே அந்தக் கையொப்பம் பசுவைக் கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் முற்றத்தில் அதே கையொப்பம் பசுவைக் கொண்டுபோனது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடியதால்தான் இதை எழுதுகிறேன்.

படிக்க வசதியில்லாத பிள்ளை

ரைஃபைசன் 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, சீக் ஆற்றங்கரையில் உள்ள ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். அது அன்றைய பிரஷ்ய இராச்சியத்துக்கு உட்பட்ட பகுதி. ஒன்பது பிள்ளைகளில் அவர் ஏழாவது. தகப்பனார் விவசாயி, சிறிது காலம் ஊரின் மேயராகவும் இருந்தவர். பின்னர் நோயாளியானார். குடும்பம் வறுமைக்குள் விழுந்தது. பிள்ளையை உயர்பாடசாலைக்கு அனுப்பக் காசு இல்லை. ஊர்த் தேவாலயத்தின் போதகர்தான் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

17 வயதில் இராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். படிக்க வசதியில்லாத, ஆனால் திறமையுள்ள இளைஞர்களுக்கு அந்தக் காலத்தில் திறந்திருந்த ஒருசில வாசல்களில் இராணுவமும் ஒன்று. எந்தத் தேசத்திலும் வறுமை இளைஞர்களை இந்த வாசலுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. கண்நோய் வந்ததால் 1843இல் அவர் படையை விட்டு விலக வேண்டியதாயிற்று. பின்னர் அரச நிர்வாகத்தில் எழுதுவினைஞர் வேலைகளைச் செய்தார். 1845இல் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் வெயர்புஷ் என்ற இடத்துக்கு மேயராக நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போது 27 வயதளவில். அதே ஆண்டில் ரெமாகன் நகர மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகளான எமிலியைத் திருமணம் செய்தார்.

மேயர் என்றதும் பெரிய நகரத்தையும் மண்டபத்தையும் நினைக்கக்கூடாது. இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களைச் சேர்த்த ஒரு நிர்வாகப் பிரிவு அது. எங்கள் பிரதேச செயலாளருக்கு ஒப்பான பதவி என்று சொல்லலாம். மண் வளமற்றது. குளிர் நீண்டது. தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததில் காணிகள் சிறு சிறு துண்டுகளாகியிருந்தன. ஒரு குடும்பத்திடம் ஓரிரு மாடுகள் இருந்தால் அதுவே பெரிய சொத்து.

பஞ்சம் வந்த குளிர்காலம்

1845இல் ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கில் அழுகல் நோய் பரவியது. அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்தான். 1846இல் தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846, 1847 குளிர்காலத்தில் வெயர்புஷ் ஊர்களில் பாண் வாங்க வழியில்லாமல் போனது.

பற்றாக்குறை என்பது பொருள் இல்லாமல் போவது மட்டுமல்ல என்பது எங்களுக்குத் தெரியும். இருப்பதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒவ்வொரு நாளும் தெரிவு செய்ய வைப்பதுதான் அதன் கொடுமை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு போத்தல் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு எத்தனை கணக்குப் பார்த்தோம்? வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதா, பிள்ளை படிக்க விளக்கு ஏற்றுவதா, அடுப்பு மூட்டுவதா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரியை இறக்கி விளக்கு எரித்தது எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான். எல்லாத் தேவையும் நியாயமானதே. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதுக்கு இல்லை.

வெஸ்டர்வால்ட் விவசாயிகளும் இப்படித்தான் தெரிவு செய்தார்கள். விதைக்கு வைத்திருந்த கிழங்கைச் சமைத்து உண்டார்கள். மாட்டை விற்றார்கள். விளையாத பயிரை முன்கூட்டியே வியாபாரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றைய பசிக்கு இவை ஒவ்வொன்றும் சரியான முடிவுதான். ஆனால் விதையை உண்டவனுக்கு அடுத்த வருடம் விளைச்சல் இல்லை. மாட்டை விற்றவனுக்கு உழவும் எருவும் பாலும் இல்லை. இந்த வருடப் பற்றாக்குறை அடுத்த வருடப் பற்றாக்குறைக்கு விதை போட்டது. இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்து, இவர்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்று வெளியார் சொல்லிவிடுவார்கள். அவர்கள் திட்டமிடாமல் இல்லை. திட்டமிடுவதற்கு அவர்களிடம் ஒரு கிழமைதான் இருந்தது.

அரசாங்கம் உதவிக்கு மாவு கொடுத்தது. கொப்லென்ஸ் நகரிலிருந்த அரச களஞ்சியத்திலிருந்து மாவு வந்தது. ஆனால் கையில் காசு கொடுப்பவர்களுக்கு மட்டுமே அதை விற்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. காசு வைத்திருந்தவர்களுக்கு அந்த மாவு தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களிடம் காசு இல்லை. களஞ்சியத்தில் உணவு இருக்க, வெளியே சனம் பசியோடு இருந்த காட்சி எங்களுக்குப் புதிதல்ல.

ரைஃபைசன் அந்த உத்தரவை மீறினார். ஊரிலுள்ள வசதியானவர்கள் சிலரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். கடன் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஏழைகளுக்கு மாவைக் கொடுத்தார். பின்னர் வசதியானவர்களிடம் பணம் திரட்டி, தானியம் வாங்கி, ஊருக்குப் பொதுவான வெதுப்பகம் ஒன்றைக் கட்டினார். அங்கே சுட்ட பாண் சந்தை விலையிலும் மிகக் குறைவாகக் கிடைத்தது. காசு இல்லாதவர்கள் கடனுக்கு எடுத்துக்கொண்டார்கள். விதைக் கிழங்கையும் மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த அறுவடை வந்ததும் சனம் கடனைத் திருப்பிக் கொடுத்தது.

ஓர் அரச அதிகாரி சுற்றறிக்கையைப் பார்க்காமல் சனத்தின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. அவருடைய பிற்கால வேலைகள் எல்லாம் இந்தக் குளிர்காலத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஏழையின் வாக்குக்கு ஒரு பெறுமதி உண்டு என்பதை அவர் அங்கேதான் கண்டார்.

பசு

1848இல் அவர் பிளாமர்ஸ்பெல்ட் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே பஞ்சம் முடிந்திருந்தது, கடன் முடியவில்லை. வியாபாரிகள் விவசாயிக்கு மாட்டைக் கடனாகக் கொடுத்தார்கள். விலையும் வட்டியும் அவர்கள் சொன்னதுதான். தவணை தவறினால் மாடும் போகும், கட்டிய காசும் போகும். பிறகு காணி ஈட்டுக்குப் போகும். பிறகு வீடு. மாடு இல்லாமல் காணியைச் செய்ய முடியாது என்பதால், ஏமாற்றம் என்று தெரிந்துகொண்டே விவசாயி மீண்டும் அதே வியாபாரியிடம் போனான். வேறு வாசல் இல்லாதவனிடம் எந்த விலையும் கேட்கலாம்.

1849 டிசம்பரில் ரைஃபைசன் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வசதியான 60 பேர் சேர்ந்து, தங்கள் சொத்து முழுவதையும் கூட்டாகப் பிணை வைத்தார்கள். அந்தப் பிணையைக் காட்டி வெளியே குறைந்த வட்டிக்குப் பணம் எடுத்தார்கள். சங்கம் மாட்டை வாங்கி ஏழை விவசாயிக்குக் கொடுத்தது. அவர் ஐந்து வருடத் தவணையில் கட்டினார். பின்னர் மாடு மட்டுமன்றிக் காசும் கடனாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஐந்து வருடம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு கன்று வளர்ந்து, ஈன்று, பால் தந்து, அதன் கன்றும் வளரும் காலம் அது. தவணை மாட்டின் கணக்கில் போடப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் கடன் எடுத்த அடுத்த கிழமையே முதல் தவணை தொடங்கியது. கச்சான் காய்க்க நான்கு மாதம் வேண்டும். அந்த நான்கு மாதத்துக்குக் கிழமைக் காசு எங்கிருந்து வரும்? இன்னொரு நிறுவனத்தின் கடனிலிருந்துதான் வரும். பெண்கள் ஒரு கடனைக் கட்ட மறுகடன் எடுத்தது பேராசையினால் அல்ல. பயிரின் காலமும் தவணையின் காலமும் பொருந்தவில்லை என்பதுதான் காரணம்.

பிளாமர்ஸ்பெல்டில் அவர் வீதிகளும் போட்டார், பாடசாலையும் கட்டினார். மலைக் கிராமங்களை ரைன் நதிக்கரைச் சந்தைகளோடு இணைத்த அந்த வீதி இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. சந்தைக்குப் போக வழியில்லாதவன் வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்கே விற்க வேண்டும். பல வருடங்கள் பாதை பூட்டப்பட்டிருந்த ஊர்களில் வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தருமம் களைத்துப் போனபோது

1852இல் ரைன் நதிக்கு அருகே, நொய்வீட் நகரை ஒட்டிய ஹெடெஸ்டோர்ஃப் என்ற இடத்துக்கு மேயராகப் போனார். 1854இல் அங்கே ஒரு நலன்புரிச் சங்கம் தொடங்கினார். கவனிப்பாரற்ற பிள்ளைகளைப் பராமரிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது, மாடு வாங்கிக் கொடுப்பது, கடன் கொடுப்பது என்று பல வேலைகள். சில வருடங்களில் ஒவ்வொன்றாக நின்றுபோய்க் கடன் கொடுப்பது மட்டும் மிஞ்சியது. உதவி செய்த செல்வந்தர்கள் களைத்துப் போனார்கள். ஆபத்து முழுவதும் தங்கள் சொத்தில் இருக்க, பயன் முழுவதும் வேறு ஆட்களுக்குப் போவதை அவர்களால் நீண்ட நாட்களுக்குத் தாங்க முடியவில்லை.

இது ரைஃபைசனுக்குக் கசப்பான பாடம். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். அயலவனை நேசிப்பது போதும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. ஆனால் தருமத்தில் மட்டும் நிற்கும் எதுவும் நிலைக்காது என்பதை ஏற்றுக்கொண்டார். அதே காலத்தில் ஹெர்மன் ஷுல்சே-டெலிட்ஸ் என்பவர் நகரங்களில் கைவினைஞர்களுக்குச் சுயஉதவிக் கடன் சங்கங்களை அமைத்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்தும் ரைஃபைசன் கற்றுக்கொண்டார்.

1862இல் அன்ஹவுசன் என்ற ஊரிலும், 1864இல் ஹெடெஸ்டோர்ஃபிலும் புதிய வகைச் சங்கங்கள் உருவாகின. கடன் எடுப்பவரே உறுப்பினர். உறுப்பினர்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தங்கள் சொத்தால் பொறுப்பு. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் முற்றத்துக் கதிரைதான் நினைவுக்கு வந்தது. கூட்டுப் பிணை என்ற அதே கயிறு.

ஆனால் அந்தக் கயிற்றைச் சுற்றி வேறு சில விதிகளையும் அவர் கட்டியிருந்தார். சங்கம் ஒரு சிறு ஊருக்கு அல்லது ஒரு தேவாலயப் பங்குக்கு மட்டுமே. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்க வேண்டும். கடன் எதற்கு என்பதைக் கேட்டு, அது பயன் தருமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். தவணை பயிரின் அல்லது மாட்டின் காலத்துக்கு ஏற்ப நீளும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கு எழுதுபவருக்கு மட்டும் கொடுப்பனவு உண்டு. இலாபத்தைப் பங்கு போடக்கூடாது. வரும் மிச்சம், யாராலும் பிரித்து எடுக்க முடியாத பொதுச் சேமிப்பாக ஊரிலேயே தங்க வேண்டும். தலைவரைத் தெரிவு செய்வதும் நீக்குவதும் உறுப்பினர்கள்.

ஏழைகளிடம் காணி குறைவு, காசு குறைவு, நேரம் குறைவு. ஆனால் நகரத்து வங்கியிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் நிறைய இருந்தது. எவன் உழைப்பாளி, எவன் குடிகாரன், எந்த வீட்டில் நோய், எந்தக் காணியில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவைச் சேகரிக்க வங்கிக்குப் பெரும் செலவாகும். அயலவனுக்குச் செலவே இல்லை. பற்றாக்குறை உள்ள இடத்தில் எது பற்றாக்குறை இல்லாமல் இருக்கிறது என்று தேடி, அதை மூலதனமாக்கியதுதான் ரைஃபைசன் செய்த வேலை.

அந்த வீட்டுக்குள் நடந்தது

ஊருக்கு உழைத்த மனிதர்களின் வீட்டைப் பற்றிப் பலரும் எழுதுவதில்லை. எமிலிக்கும் ரைஃபைசனுக்கும் பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1863இல் எமிலியும் இறந்தார். அதே காலத்தில் ரைஃபைசனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. நோய் அவர் உடலைத் தளர்த்தியது. கண் பார்வையும் மங்கிக்கொண்டே போனது. 1865இல், 47 வயதில், பதவியிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டது. ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றை நடத்திப் பார்த்தார். பின்னர் வைன் வியாபாரம் செய்தார். ஊருக்கெல்லாம் கடன் சங்கம் அமைத்தவர் தன் வீட்டுச் செலவுக்கு வைன் விற்றார்.

மூத்த மகள் அமலிதான் அவருக்குக் கண்ணாக இருந்தார். கடன் சங்கங்களை எப்படி அமைப்பது என்று விளக்கும் ரைஃபைசனின் புத்தகம் 1866இல் வெளிவந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் அமலி. கடிதங்கள், கணக்குகள், திருத்தங்கள் எல்லாம் அவர் கையால் நடந்தன. அமலி திருமணம் செய்வதைத் தந்தை அனுமதிக்கவில்லை. மகளின் உழைப்பை இழக்க அவரால் முடியவில்லை. 1868இல் ரைஃபைசன் மறுமணம் செய்துகொண்டார். அமலி தந்தையின் வேலையிலேயே தன் வாழ்வைக் கழித்தார்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பற்றாக்குறை வரும்போது ஒரு குடும்பம் யாருடைய வாழ்வைச் செலவழிக்கத் தெரிவு செய்கிறது? அங்கேயும் மகளுடையதைத்தான். எங்கள் ஊரிலும் நுண்கடன் குழுக்களில் கையொப்பம் வைத்தவர்கள் பெண்கள். முற்றத்தில் அவமானப்பட்டவர்கள் பெண்கள். கடனை அடைக்க மத்திய கிழக்குக்குப் பறந்தவர்களும் பெண்களே. அமலி இல்லாமல் அந்த இயக்கம் பரவியிருக்காது. ஆனால் வங்கிப் பலகைகளில் இருப்பது தந்தையின் பெயர் மட்டும்தான்.

இன்னொரு விடயத்தையும் மறைக்க முடியாது. மாட்டுக் கடன் வியாபாரிகளில் யூதர்களும் இருந்தார்கள். யூதர்கள் பல தொழில்களைச் செய்யவும் காணி வைத்திருக்கவும் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்த சமூகம். வட்டிக் கொடுமையை எதிர்த்த ரைஃபைசன், பிற்காலத்தில் அந்தக் குற்றத்தை ஒரு சமூகத்தின் மேல் ஏற்றி எழுதினார். ஜேர்மனியில் இன்று அது வெளிப்படையாக விவாதிக்கப்படுகிறது. ஒரு சிலரின் செயலுக்காக முழு இனமும் குற்றவாளியாக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே அவருடைய நல்ல வேலையைப் பாராட்டும்போது இந்தப் பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பரவிய விதை

ஒரு சிறு ஊரின் சங்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வரட்சி வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். எல்லோருக்கும் ஒரே நாளில் காசு தேவைப்படும். ஆகவே 1872இல் ரைஃபைசன் ஊர்ச் சங்கங்களை இணைத்து நொய்வீட்டில் ஒரு மைய வங்கியை அமைத்தார். ஓர் ஊரில் மிச்சமாக இருக்கும் பணம் இன்னோர் ஊரின் தேவைக்குப் போனது. ஷுல்சே-டெலிட்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். நீண்ட காலக் கடன் கொடுப்பதும், உறுப்பினர்களிடம் பங்குப் பணம் வாங்காமல் இருப்பதும் ஆபத்து என்று அவர் வாதிட்டார். விவகாரம் அரசாங்க விசாரணை வரை போனது. மைய அமைப்பை வேறு வடிவில் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. ரைஃபைசன் விட்டுக்கொடுத்தும் பிடிவாதமாக நின்றும் அதைக் காப்பாற்றினார்.

1888 மார்ச் 11ஆம் திகதி, 70 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, ஹெடெஸ்டோர்ஃபில் இறந்தார். அப்போது நூற்றுக்கணக்கான சங்கங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. ஜேர்மனியின் முன்மொழிவின் பேரில் கூட்டுறவு என்ற எண்ணமும் நடைமுறையும் 2016இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அவருடைய வழி எங்கள் பக்கம் வந்ததும் பஞ்சத்தின் பாதையில்தான். விவசாயிகள் வட்டிக்காரரிடம் சிக்கியிருந்த சென்னை மாகாணத்தில், பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1890களில் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து நீண்ட அறிக்கை எழுதினார். ரைஃபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே தீர்வு என்பது அதன் சாரம். இந்தியாவில் 1904இல் சட்டம் வந்தது. இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் இந்த இயக்கம் வேரூன்றியது. மூளாயில் ஊர்ச்சனம் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்தியது. யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவுத் தலைவரின் பெயரைத் தாங்கியே நிற்கிறது. எங்கள் ஊர்களில் இன்றும் இயங்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் ரைஃபைசனின் நேரடி வாரிசுகள்.

யுத்தம் இந்தச் சங்கங்களின் கட்டடங்களையும் கணக்குப் புத்தகங்களையும் அழித்தது. அதைவிடப் பெரிய இழப்பு அயலே கலைந்து போனது. எத்தனை முறை இடம்பெயர்ந்தோம்? யாரோடு வாழ்ந்தோமோ அவர்கள் ஒருபக்கம், நாங்கள் ஒருபக்கம். மீள்குடியேறியபோது பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. ரைஃபைசன் மூலதனமாக்கிய அந்த அறிவும் நம்பிக்கையும்தான் எங்களிடம் பற்றாக்குறையாகிப் போயிருந்தது. அந்த இடைவெளிக்குள்தான் மோட்டார் சைக்கிளில் கடன் வந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசாங்கம் நிவாரணம் அறிவித்த அளவுக்கு நிலைமை மோசமானது.

இரண்டு கையொப்பங்கள்

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அம்மா வைத்த கையொப்பத்துக்கும் அன்ஹவுசன் விவசாயி வைத்த கையொப்பத்துக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் அயலவனின் நம்பிக்கையைப் பிணையாக்கின. அன்ஹவுசனில் அந்தப் பிணையால் கிடைத்த பணத்துக்கு எவ்வளவு வட்டி, யாருக்குக் கடன், எத்தனை வருடத் தவணை என்பதைக் கையொப்பமிட்டவர்களே தீர்மானித்தார்கள். வந்த மிச்சம் அவர்களின் ஊரிலேயே தங்கியது. மழை பொய்த்தால் தவணையைத் தள்ளிப்போட அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. அம்மாவின் கையொப்பத்தில் ஆபத்து மட்டும்தான் அவருடையது. வட்டி, தவணை, இலாபம், தீர்மானம் எல்லாம் வேறு எங்கோ இருந்தன. எங்கள் அயலுறவை வேறொருவர் பிணையாக எடுத்துக்கொண்டு, அதை எங்களை நெருக்கும் கருவியாக்கினார். பசு போனதோடு அயலும் போனது. அடுத்த முறை உதவி தேவைப்படும்போது அழைக்க ஆள் இல்லாமல் போனது.

கூட்டுறவு என்றால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். கட்சி ஆட்கள் நிர்வாகத்தைப் பிடித்து வைத்திருந்த சங்கங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கணக்குக் காட்டாமல் காசு போன கதைகளும் உண்டு. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் காணி உறுதி இல்லாதவர்களுக்கும் கதவு பாதிதான் திறந்த இடங்களும் இருந்தன. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர் என்பது எல்லோரும் எல்லோரையும் எடைபோடும் ஊரும்தான். ரைஃபைசனின் சங்கங்களிலும் நல்லவர் யார் என்பதைத் தீர்மானித்தவர்கள் ஊர்ப் பெரியவர்களே. விதிகள் இருந்தால் போதாது. அவற்றை உறுப்பினர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடந்த வருடம் எங்கள் ஊர் முன்பள்ளிக் கட்டடத்தில் சிக்கன கடனுதவுச் சங்கத்தை மீண்டும் தொடங்கினார்கள். அம்மா முதலில் போகவில்லை. கையொப்பம் என்ற சொல்லே அவருக்குப் பிடிப்பதில்லை. மூன்றாவது கூட்டத்துக்குப் போனார். ஒருவருக்குப் பிணை நிற்கும்படி அவரிடம் கேட்டார்கள். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். யார் எவ்வளவு சேமித்திருக்கிறார்கள், யாருக்கு என்ன வட்டி, காலபோகம் பிழைத்தால் தவணை என்னாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செயலாளராக இருக்கும் தங்கச்சி பொறுமையாக வாசித்துக் காட்டினாராம். தவணை தள்ளிப்போடுவது பற்றிய விதி எழுத்தில் இருக்கவில்லை. அதை எழுதும்வரை கையொப்பம் இல்லை என்று சொல்லிவிட்டு அம்மா வந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்த விதி எழுதப்பட்டது. அம்மா கையொப்பம் வைத்தார். அந்த அயல்வீட்டு அக்காவும் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்றார். பேசினீர்களா என்று நான் கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.